நாங்கள் வெறுங்கையோடு வரவில்லை, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

நீயும் மருமகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன கிழமை ஃபோனில் கதைத்தபோது உன்னுடைய மேலாளர் சொன்ன ஒன்றைச் சந்தோஷமாகச் சொன்னாய். "நீங்கள் எல்லாம் வெறுங்கையோடு வந்து ஒரு தலைமுறைக்குள் வீடு, படிப்பு, நல்ல வேலை என்று எழும்பிவிட்டீர்கள். இந்த அவுஸ்திரேலியாவிலேயே காலம் காலமாக இருக்கிற பூர்வகுடிகளுக்கு, அபோரிஜினல் ஆட்களுக்கு, எவ்வளவு கொடுத்தும் ஏன் முடியவில்லை?" என்று அவர் கேட்டாராம். "உண்மைதானே அம்மா" என்று நீயும் சொன்னாய். உனக்கு விமானத்துக்கு நேரமாகிவிட்டது, நானும் அதற்கு மேல் கதைக்கவில்லை. ஃபோனில் இரண்டு வார்த்தையில் சொல்லி முடிக்கிற விஷயமும் இல்லை இது. எனக்கு இதைத் தமிழில்தான் சரியாகச் சொல்ல வரும். நீயும் தமிழ் வாசிப்பாய். ஆறுதலாக இருந்து வாசி.

அந்தப் புகழ்ச்சியை வாங்கிக்கொள்ளாதே. கேட்கும்போது உன்னைத் தட்டிக்கொடுப்பது போலத்தான் இருக்கும். ஆனால் அது இன்னொரு சனத்தை அடிப்பதற்கு எடுத்த தடி. அதன் பிடியை உன் கையில் தருகிறார்கள், அவ்வளவுதான்.

முதலில் அந்த "வெறுங்கை" கதையைப் பார்ப்போம். எங்கள் சொந்தக்காரர் வீடுகளிலும் இதைக் கேட்டிருப்பாய். ஒவ்வொரு பிறந்தநாள் விழாவிலும் யாராவது ஒரு மாமா சொல்லுவார்: "ஒரு சூட்கேஸோடு வந்தனாங்கள்." சூட்கேஸ் ஒன்றுதான், சரி. அதற்குள் என்ன இருந்தது? அப்பாவின் பட்டச் சான்றிதழ் இருந்தது. என்னுடைய தாதியர் பயிற்சிச் சான்றிதழ் இருந்தது. அவற்றுக்குப் பின்னால் எங்கள் தாத்தா காலத்திலிருந்து நடந்த பள்ளிக்கூடங்கள் இருந்தன, மூன்று தலைமுறை எழுத்தறிவு இருந்தது. எங்களை வளர்த்தவர்கள் எங்கள் சொந்தத் தாய் தகப்பன். எங்கள் மொழியில் பேசியதற்காக யாரும் எங்களைச் சிறுவயதில் அடிக்கவில்லை. 95 ஆம் ஆண்டு யாழ்ப்பாண இடப்பெயர்வில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடினோம், உண்மை. ஆனால் சிட்னியில் இறங்கியபோது துங்காபியில் பெரியப்பாவின் வீட்டில் ஒரு அறை காத்திருந்தது. அரசாங்கம் எங்களுக்கு இலவசமாக ஆங்கிலம் படிப்பித்தது, வைத்தியத்துக்கு மெடிகேர் அட்டை தந்தது. நீ படிக்கிற காலத்தில் பல்கலைக்கழகக் கட்டணத்தைக் கடனாகத் தந்தது. இவற்றை எல்லாம் வாங்கிக்கொண்டுதான் உழைத்தோம். கடுமையாக உழைத்தோம், அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். அப்பா இரவு வேலை செய்த வருடங்கள் உனக்கே தெரியும். உழைத்தால் பலன் கிடைக்கிற ஒரு இடத்தில் நின்று உழைத்தோம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அந்த இடம் எங்களுக்காக எப்போதும் திறந்து கிடக்கவும் இல்லை. 1901 இல் இந்த நாடு ஒன்றாகியதும் முதல் போட்ட சட்டங்களில் ஒன்று, எங்களைப் போன்ற நிறத்தவர்களை உள்ளே விடாமல் இருப்பதற்கானது. ஏதாவது ஒரு ஐரோப்பிய மொழியில் ஐம்பது சொற்களைச் சொல்லி எழுது என்பார்கள். விரும்பாதவருக்கு அவர் அறியாத மொழியைக் கொடுப்பார்கள். அந்தச் சோதனை 1958 வரை இருந்தது. 1966 இல் கதவு கொஞ்சம் அசைந்தது, 1973 இல்தான் நிறம் பார்ப்பதை முற்றாக எடுத்தார்கள். 1975 இல் இனப் பாகுபாட்டுத் தடைச் சட்டம் வந்தது. உன்னை நிறத்துக்காக யாராவது வேலையிலோ வாடகை வீட்டிலோ ஒதுக்கினால் நீ போய் நிற்கக்கூடிய சட்டம் அது.

அந்தச் சட்டம் செல்லும் என்று நீதிமன்றத்தில் நிலைநாட்டிய மனிதர் யார் தெரியுமா? ஜோன் கோவார்ட்டா. குயின்ஸ்லாந்தின் வடக்கில் கேப் யோர்க் பகுதியைச் சேர்ந்த விக் இனத்தவர். அவருடைய கதையை உன் மேலாளருக்குச் சொல்ல வேண்டும். 1976 இல் கோவார்ட்டாவும் அவருடைய ஆட்களும் தங்கள் மூதாதையரின் நிலத்தில் இருந்த ஆர்ச்சர் ரிவர் என்ற மாட்டுப் பண்ணையின் குத்தகையை விலைக்கு வாங்க முயன்றார்கள். சும்மா கேட்கவில்லை. அபோரிஜினல் நில நிதி ஆணைக்குழு பணம் கொடுக்கத் தயாராக இருந்தது, குத்தகைக்காரரும் விற்கச் சம்மதித்துவிட்டார். மாநில அரசு கையெழுத்துப் போட மறுத்தது. அபோரிஜினல் மக்கள் பெரிய நிலப்பரப்புகளை வாங்குவதை எதிர்ப்பது எங்கள் கொள்கை என்று ஒளிவு மறைவில்லாமல் காரணமும் சொன்னது. ஜோ பியெல்க்கே பீற்றர்சன் அப்போது முதலமைச்சர். கோவார்ட்டா வழக்குப் போட்டார். 1982 இல் உயர் நீதிமன்றம் நான்குக்கு மூன்று என்ற கணக்கில் 75 ஆம் ஆண்டுச் சட்டம் செல்லும் என்று தீர்ப்புச் சொன்னது. ஒரே ஒரு நீதிபதி மற்றப் பக்கம் சாய்ந்திருந்தால் அந்தச் சட்டம் ஆட்டம் கண்டிருக்கும்.

வழக்கு வென்றும் காணி கிடைக்கவில்லை. மாநில அரசு அந்த நிலத்தைத் தேசியப் பூங்காவாக்கிவிட்டது. 1991 இல் கோவார்ட்டா இறந்துபோனார். காசும் இருந்து, விற்பவரின் சம்மதமும் இருந்து, நாட்டின் உயர் நீதிமன்றத்தில் வென்றும் ஒரு மனிதரால் தன் சொந்த மண்ணை விலைக்கு வாங்க முடியவில்லை. அவர் வென்ற வழக்கின் பலனை அவர் அனுபவிக்கவில்லை. நீயும் நானும்தான் அனுபவிக்கிறோம்.

"முயற்சி செய்ய மாட்டார்கள்" என்று சொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு இவருடைய நினைவுதான் வரும்.

சரி, படிப்பைப் பற்றிச் சொல்லட்டுமா? எங்கள் சனத்துக்குப் படிப்பு என்றால்தானே காது கேட்கும். நீ வளர்ந்த இடத்துக்குப் பக்கத்திலேயே நடந்த கதை இது. பரமற்றாவில் 1815 இல் ஆளுநர் மக்குவாரி பூர்வகுடிப் பிள்ளைகளுக்காக ஒரு விடுதிப் பள்ளிக்கூடம் தொடங்கினார். பிள்ளையை அங்கே விட்டால் வளர்ந்து ஆளாகும்வரை தாய் தகப்பன் திருப்பிக் கூட்டிக்கொண்டு போக முடியாது. 1819 இல் காலனியின் பள்ளிக்கூடங்களுக்கெல்லாம் சேர்த்து ஒரு பரீட்சை வைத்தார்கள். வெள்ளைக்காரப் பிள்ளைகள் கிட்டத்தட்ட நூறு பேர் எழுதினார்கள். முதற்பரிசு வாங்கியது பதினான்கு வயது அபோரிஜினல் பெண்பிள்ளை. சிட்னிப் பத்திரிகையில் செய்தி வந்தது. அந்தப் பிள்ளை டாறுக் இனத்தைச் சேர்ந்த மரியாவாக இருக்க வேண்டும் என்று வரலாற்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

கெட்டிக்காரப் பிள்ளைகளைப் பொறுக்கி எடுக்கிற செலக்டிவ் பள்ளிக்கூடப் பரீட்சைக்கு நீ படித்த காலத்தில் நானும் எத்தனை சனிக்கிழமைகள் ரியூஷன் வாசலில் காரில் இருந்தேன். அந்தப் பரீட்சையில் இடம் கிடைத்தால் பிள்ளையின் வாழ்க்கை மாறிவிடும் என்று நம்பினோம். உனக்கு மாறியதுதான். மரியாவுக்கு என்ன நடந்தது? அவர் பின்னாளில் ஒரு வெள்ளைக்காரத் தச்சரைக் கலியாணம் செய்தார். தன்னுடைய அண்ணனுக்குக் கொடுக்கப்பட்ட துண்டு நிலத்தைத் தனக்குத் தரச் சொல்லி 1831 இல் ஆளுநருக்கு மனு எழுதினார். அந்த நிலம் அவர் கைக்கு வர 1843 ஆனது. அவருடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். 1920 அளவில் அரசின் அபோரிஜினல் பாதுகாப்புச் சபை அந்த நில உரிமையை ரத்துச் செய்து எடுத்துக்கொண்டது. முதல் மாணவியின் சந்ததிக்கு நாடு கொடுத்த மரியாதை அதுதான்.

அந்தப் பள்ளிக்கூடம் 1823 இல் ரிச்மண்ட் ரோட்டுக்கு மாறியது. அது இருந்த இடத்தைச் சனங்கள் பிளாக் டவுன் என்று சொல்லப்போய்த்தான் பிளாக்டவுன் என்ற ஊர்ப்பெயரே வந்தது. இன்று அங்கே எத்தனை தமிழ்க் குடும்பங்கள் வீடு வாங்கியிருக்கிறோம்! காணி விலையும் ரயில் நேரமும் தெரிந்த அளவுக்கு இந்தக் கதை எங்கள் ஆட்களுக்குத் தெரியாது. பெண்டில் ஹில்லுக்குப் பக்கத்தில் பெமுல்வுய் என்று புது வீடுகள் கட்டிய இடம் இருக்கிறதே, அந்தப் பெயர் வெள்ளையரை எதிர்த்துப் பன்னிரண்டு வருடம் போராடி 1802 இல் சுட்டுக் கொல்லப்பட்ட வீரருடையது. அவருடைய தலையை வெட்டி இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள்.

இதெல்லாம் இருநூறு வருடத்துக்கு முந்திய கதை, இப்போது என்ன என்று நீ கேட்பாய். இப்போதைக்கு வருகிறேன். நியூ சவுத் வேல்ஸ் அரசுப் பள்ளிக்கூடங்களில், மற்றப் பெற்றோர் எதிர்ப்புத் தெரிவித்தால் அபோரிஜினல் பிள்ளைகளைச் சேர்க்காமல் விடலாம் என்ற அதிகாரம் அதிபர்களுக்கு இருந்தது. அதை எடுத்தது 1972 இல். நான் யாழ்ப்பாணத்து மயிலிட்டியில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலம் அது. என் வயதில் இருக்கிற ஒரு அபோரிஜினல் பெண்ணை வகுப்பிலிருந்து வெளியே அனுப்பியிருக்கலாம், சட்டப்படி. அவளுடைய மகனைத்தான் உன்னோடு ஒப்பிடுகிறார்கள். சிட்னி பல்கலைக்கழகம் 1850 இல் தொடங்கியது. அங்கே பட்டம் வாங்கிய முதல் அபோரிஜினல் ஆண் சார்ல்ஸ் பேர்க்கின்ஸ், 1966 இல். முதல் அபோரிஜினல் டொக்டர் ஹெலன் மில்றோய் மருத்துவப் படிப்பை முடித்தது 1983 இல். எங்கள் கொழும்பு வீடுகள் எரிந்த அதே வருடம். யாழ்ப்பாணத்தில் அதற்கு எத்தனையோ காலத்துக்கு முன்பிருந்தே ஊருக்கு ஊர் டொக்டர் இருந்தார். இப்போது அபோரிஜினல் டொக்டர்கள் பல நூறு பேர் இருக்கிறார்கள். கதவு திறந்து எவ்வளவு காலம் என்று பார்த்தால் அவர்கள் ஓடிய வேகம் எங்களுடையதைவிடக் குறைந்ததில்லை.

காசு விஷயமும் அப்படித்தான். குயின்ஸ்லாந்தில் அபோரிஜினல் வேலையாட்களின் சம்பளத்தை அரசே வாங்கி வைத்துக்கொண்டு, கைச்செலவுக்கு மட்டும் கொஞ்சம் கொடுத்த காலம் பல பத்து வருடங்கள் நீடித்தது. அந்தச் சம்பளத்துக்காகப் போட்ட வழக்கில் 2019 இல்தான் 190 மில்லியன் டொலர் தருவதாக அந்த அரசு ஒத்துக்கொண்டது. அதற்குள் உழைத்தவர்களில் பெரும்பாலானோர் செத்துப்போனார்கள். நீ பேர்த்தில் வீடு வாங்க நாங்கள் முற்பணத்தில் உதவினோம். சம்பளமே கைக்கு வராத தகப்பன் மகனுக்கு எதைக் கொடுப்பான்?

மேற்கு அவுஸ்திரேலியாவில் நீ வேலை செய்கிற சுரங்கப் பகுதி பில்பராவையே எடு. 1946 மே 1 ஆம் திகதி அங்கே மாட்டுப் பண்ணைகளிலும் ஆட்டுப் பண்ணைகளிலும் வேலை செய்த எண்ணூறு அபோரிஜினல் ஆட்கள் ஒரே நாளில் வேலையை விட்டு வெளியேறினார்கள். மாவும் தேயிலையும் சீனியும்தான் பலருக்குச் சம்பளம். அந்தப் பரந்த நிலத்தில் பண்ணைக்குப் பண்ணை எத்தனை மைல் தூரம் என்று உனக்குத்தான் தெரியும். ஃபோன் இல்லை, எழுத்து வாசிப்பு இல்லை. டூலி பின்பின் என்பவர் பண்ணை பண்ணையாகப் போய், நாட்களை அடையாளம் போட்ட தாள்களைக் கொடுத்து ஆட்களைச் சேர்த்தார். தலைவர்களைச் சிறையில் போட்டார்கள். மூன்று வருடம், 1949 வரை அவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. அந்தக் காலத்தில் எதைச் சாப்பிட்டார்கள்? சுரங்க வேலை செய்தார்கள், தம்பி. பெண்கள் நீளமான மரத்தட்டில் மண்ணைப் புடைத்து வெள்ளீயத் தாதைப் பிரித்தெடுத்தார்கள். அதை விற்றுச் சனம் சீவித்தது, பிறகு சொந்தமாகக் கொம்பனியும் தொடங்கினார்கள். நீ இன்று பெரிய இயந்திரங்களோடு செய்கிற தொழிலை அதே மண்ணில் வெறுங்கையால் செய்தவர்கள் அவர்கள். "வெறுங்கை" என்ற சொல்லுக்கு அங்கேதான் அர்த்தம் இருக்கிறது.

அதே பில்பராவில்தான் 2020 மே மாதம் ஜூக்கன் பள்ளத்தாக்கின் குகைகளை ரியோ ரின்ரோ என்ற சுரங்கக் கொம்பனி இரும்புத்தாதுக்காக வெடிவைத்துத் தகர்த்தது. 46,000 வருடமாக மனிதர் வந்து போன இடம். நாலாயிரம் வருடப் பழைய, மனித முடியில் பின்னிய துண்டொன்று அங்கே கிடைத்தது. அதை இன்றைக்கு அந்த நிலத்துக்குரிய மக்களோடு மரபணுவால் தொடர்புபடுத்த முடிந்தது. அப்படி ஒரு இடத்தைச் சட்டத்தின் அனுமதியோடு தகர்த்தார்கள் என்பதுதான் என்னால் தாங்க முடியாதது. எங்கள் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது எங்கள் ஊரே அழுதது. அந்த மக்களும் அப்படித்தான் அழுதிருப்பார்கள்.

அப்புறம் நீ சொன்னாய், "முன்னேறினால் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள் அம்மா, திறமைக்கு இங்கே மரியாதை இருக்கிறது" என்று. உன்னுடைய அறையில் சிட்னி ஸ்வான்ஸ் கால்பந்து அணியின் சிவப்பு வெள்ளைச் சால்வை தொங்கியது எனக்கு நினைவிருக்கிறது. அந்த அணியில் விளையாடிய அபோரிஜினல் வீரர் அடம் குட்ஸை விடத் திறமைசாலி யார்? ஆண்டின் சிறந்த வீரருக்குக் கொடுக்கிற பிரவுன்லோ பதக்கம் இரண்டு தரம், 2003 இலும் 2006 இலும். 2014 இல் அந்த ஆண்டின் சிறந்த அவுஸ்திரேலியர் விருது. ஒழுங்கான மனிதர். 2013 இல் பதின்மூன்று வயதுப் பிள்ளை ஒன்று அவரைக் குரங்கு என்று கத்தியபோது, அந்தப் பிள்ளையைக் குறை சொல்லாதீர்கள், அவளுக்கு ஆதரவு கொடுங்கள் என்று கேட்டவர். அவர் செய்த ஒரே குற்றம், நடந்ததை நடந்தது என்று வாய்விட்டுச் சொன்னது. 2015 இல் மைதானத்துக்கு மைதானம் பந்து அவர் கையில் வந்தவுடன் ஆயிரக்கணக்கானோர் ஊளையிட்டார்கள். அந்த வருடக் கடைசியில் ஊர்வலமும் வேண்டாம், மாலையும் வேண்டாம் என்று விளையாட்டை விட்டே போய்விட்டார். நாலு வருடம் கழித்து அந்த விளையாட்டை நடத்துகிற ஏ.எஃப்.எல் அமைப்பு மன்னிப்புக் கேட்டது.

அவருக்கு முன்னால் அல்பேர்ட் நமட்ஜிரா என்ற அபோரிஜினல் ஓவியர் இருந்தார். நாட்டின் மிகப் புகழ்பெற்ற ஓவியர்களில் ஒருவர், 1954 இல் மகாராணியாரின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்கள். நாட்டின் நடுவில் இருக்கிற அலிஸ் ஸ்பிரிங்ஸ் ஊரில் ஒரு வீடு கட்டக் கேட்டபோது விடவில்லை. 1957 இல் அவருக்கும் மனைவிக்கும் மட்டும் முழுக் குடியுரிமை கொடுத்தார்கள், அவருடைய பிள்ளைகளுக்குக் கொடுக்கவில்லை. அடுத்த வருடம், சொந்தக்கார ஓவியர் ஒருவரோடு மதுவைப் பகிர்ந்த குற்றத்துக்குத் தண்டனை. 1959 இல் மனம் உடைந்து செத்துப்போனார். வெற்றி பெற்ற அபோரிஜினல் மனிதருக்கு இந்த நாடு ஒரு நிபந்தனை வைக்கிறது: ஓடு, பாடு, வரை, ஆனால் வாய் திறக்காதே, உன் சனத்தை உன்னோடு கூட்டிக்கொண்டு வராதே. எங்களுக்கும் அதே நிபந்தனைதான், இன்னும் கொஞ்சம் இலேசாக. அமைதியாக உழைக்கிற நல்ல பிள்ளைகளாக இருக்கும்வரை புகழ்வார்கள். மெல்பேர்னில் 2009 இல் இந்திய மாணவர்களை அடித்தபோது, அந்தப் பிள்ளைகளின் படிப்பும் உழைப்பும் அவர்களைக் காப்பாற்றவில்லை.

பிரச்சினைகள் இல்லை என்று நான் சொல்லவில்லை. நீ அலிஸ் ஸ்பிரிங்ஸில் பார்த்ததைச் சொன்னாய். வீட்டுக்குள் அடிபடுகிற பெண்கள், குடி, இரவில் தெருவில் திரிகிற பிள்ளைகள் எல்லாம் உண்மை. அதனால் முதலில் நோகிறவர்களும் அந்த மக்கள்தான். அங்கே பாட்டிமார் இரவில் தெருவில் நடந்து பிள்ளைகளைக் கூட்டிப் போய் வீடுகளில் விடுகிறார்கள், அதை ரி.வி.யில் காட்டுவது குறைவு. குடிக்கவே குடிக்காதவர்களின் வீதம் அவர்களிடையே மற்றவர்களைவிடக் கூட என்று அரசின் கணக்கெடுப்புகளே சொல்லியிருக்கின்றன. யாரும் நம்பமாட்டார்கள். சனத்தொகையில் நூற்றுக்கு நாலு பேர்கூட இல்லாத மக்கள் சிறைகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருக்கிறார்கள். மற்றவர்களைவிட எட்டு வருடம் முந்திச் சாகிறார்கள். "எல்லாம் இலவசம்" என்று சொல்கிற வாழ்க்கையின் விளைவா இது?

நான் வேலை செய்த முதியோர் இல்லத்தில் ஒரு ஐயா இருந்தார். பெயர் சொல்லமாட்டேன். கெம்ப்சிக்குப் பக்கத்தில் கின்செலா பையன்கள் இல்லத்தில் வளர்ந்தவர். தாயிடமிருந்து பறித்த பிள்ளைகளை 1924 இலிருந்து 1970 வரை அங்கே வைத்திருந்தார்கள். பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, ஒவ்வொரு பையனுக்கும் ஒரு இலக்கம். அவருடைய தாய் இறந்துவிட்டார் என்று சொல்லி வளர்த்திருக்கிறார்கள். தாய் உயிரோடுதான் இருந்திருக்கிறார். தெரியவந்தபோது அவருக்கு முப்பது வயதுக்கு மேல். என்னிடம் உன்னைப் பற்றி விசாரிப்பார். மகன் படிக்கிறானா, வீட்டுக்கு வருகிறானா என்று கேட்பார். தனக்குப் பிள்ளைகள் இருந்தும் அவர்களை எப்படி அணைப்பது என்று தெரியாமல் போய்விட்டது, தன்னை யாரும் அணைத்ததில்லை என்றார். அந்தப் பிள்ளைகள்தான் இன்றைக்கு நாற்பது ஐம்பது வயதில் இருக்கிறவர்கள். இரண்டு தலைமுறை தாய் தகப்பன் இல்லாமல் வளர்ந்த வீட்டில் என்ன உடையும் என்று ஒரு தாதியாக எனக்குத் தெரியும்.

எங்களுக்கு இது விளங்காமல் இருக்க நியாயமே இல்லை. 1990 ஜூனில் மயிலிட்டியை விட்டு எங்களைத் துரத்தினார்கள். இராணுவம் வேலி போட்டு இருபத்தேழு வருடம் வைத்திருந்தது. 2017 இல் துறைமுகத்தையும் அதைச் சுற்றிய கொஞ்ச நிலத்தையும் விட்டபோது அம்மம்மா உயிரோடு இல்லை. அந்தக் காணி உறுதியை உன் மாமா இன்னும் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார். அதே மாமா, "1788 இல் வெள்ளையர் வந்த கதையை இன்னும் ஏன் தூக்கிப் பிடிக்கிறார்கள், விட்டுவிட்டு முன்னேற வேண்டியதுதானே" என்று கேட்கிறார். இலங்கை அரசு பல்கலைக்கழக அனுமதி விதியை மாற்றிய தரப்படுத்தலால் பல்கலைக்கழகம் போக முடியாமல் போனதை இன்றைக்கும் சொல்லி அழுகிறவர் அவர். அரசு விதியை மாற்றினால் கெட்டிக்காரனும் விழுவான் என்று எங்கள் சனத்துக்குத் தெரிந்த அளவுக்கு யாருக்குத் தெரியும்?

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். எங்கள் ஊருக்குக் கிட்டத்தான் மாவிட்டபுரம். 1968 இல் கோயிலுக்குள் விடச்சொல்லி ஒடுக்கப்பட்ட சாதி மக்கள் வாசலில் நின்றார்கள், எங்கள் பெரியவர்கள் மறித்தார்கள். கிணற்றில் தண்ணீர் அள்ள விடாதவர்கள், வகுப்பில் வாங்கில் இருக்க விடாதவர்கள், அதே வாயால் "அவர்களுக்குப் படிப்பு ஏறாது" என்றும் சொன்னார்கள். நான் சின்னப் பிள்ளையாக அதைக் கேட்டேன். உன் மேலாளர் சொன்னதை நீ ஃபோனில் சொன்னபோது அதே குரல்தான் என் காதில் கேட்டது, பாஷை மட்டும் வேறு.

இதே நாட்டில், மெல்பேர்னில், 1938 டிசம்பர் 6 ஆம் திகதி வில்லியம் கூப்பர் என்ற அபோரிஜினல் பெரியவர், யோர்ட்டா யோர்ட்டா இனத்தவர், தன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு ஜேர்மன் துணைத் தூதரகத்துக்கு நடந்து போனார். ஹிட்லர் யூதர்களின் கடைகளையும் கோயில்களையும் எரித்ததைக் கண்டித்து எழுதிய கடிதத்தைக் கொடுப்பதற்காக. சொந்த நாட்டில் குடிமக்கள் என்ற முழு உரிமைகூட இல்லாதவர்கள் அவர்கள். துணைத் தூதரகத்தில் கடிதத்தை வாங்கவில்லை. வேறு ஒரு கண்டத்தில், முன்பின் தெரியாத சனத்துக்காக அவர்கள் நடந்தார்கள். நாங்கள் அவர்களுடைய மண்ணில் வீடு வாங்கி இருக்கிறோம்.

உன்னிடம் நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. அந்த மேலாளர் திரும்பவும் அப்படிச் சொன்னால் சிரித்துக்கொண்டு நிற்காதே. எங்கள் குடும்பத்துக்கு என்னென்ன கிடைத்தது என்று சொல்லு. கோவார்ட்டாவைச் சொல்லு. 46 ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தைச் சொல்லு, அவர் நிற்கிற நிலத்தின் கதைதானே. உங்கள் தளத்துக்கு அந்த நிலத்துக்குரிய மக்கள் வந்து எந்த இடத்தில் தோண்ட வேண்டாம் என்று காட்டும்போது, வேலைநேரம் வீணாகிறது என்று முணுமுணுக்கிறவர்களோடு சேராதே. பொறியியலாளர் என்ற முறையில் உன் சொல்லுக்கு அங்கே ஒரு எடை இருக்கும். எங்கள் தமிழ் ஆட்களின் வாட்ஸாப் குழுவிலும் அப்படித்தான். 2023 ஒக்டோபர் சர்வஜன வாக்கெடுப்பு நேரம் அதில் வந்த சிலதை வாசித்து எனக்கு இரவு நித்திரை வரவில்லை. பாராளுமன்றத்துக்கு ஆலோசனை சொல்ல ஒரு சபை வேண்டும் என்று மட்டும்தான் அவர்கள் கேட்டார்கள். நாட்டில் நூற்றுக்கு அறுபது பேர் வேண்டாம் என்றார்கள், ஆறு மாநிலங்களும் வேண்டாம் என்றன. நானும் அப்பாவும் ஆம் என்றுதான் போட்டோம். நீ எதற்குப் போட்டாய் என்று கேட்கமாட்டேன்.

மருமகளின் குடியுரிமை விழா ஜனவரி 26 ஆம் திகதி வைத்திருக்கிறார்கள் என்றாயே, அதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 1788 இல் வெள்ளையரின் கப்பல்கள் வந்து இறங்கிய அந்த நாளை அபோரிஜினல் மக்கள் 1938 இலிருந்தே துக்க நாளாக நினைக்கிறார்கள். அவள் எத்தனை வருடம் காத்திருந்து பெற்ற குடியுரிமை, அதன் சந்தோஷத்தை நான் கெடுக்கமாட்டேன். ஆனால் நகரசபைகள் அந்த விழாவை மூன்று நாள் முன்னால் பின்னால் வைக்கலாம் என்று 2022 டிசம்பரில் விதியை மாற்றிவிட்டார்கள். உங்கள் நகரசபை என்ன செய்கிறது என்று அவளையே ஒருதரம் கேட்கச் சொல்லு. வேறு விழா ஒன்றுக்கு மாற்ற முடியுமா என்றும் கேட்கட்டும். முடியாது என்றால் அந்த நாளிலேயே போங்கள், நானும் வருகிறேன். பின்னேரம் பேர்த்தில் அபோரிஜினல் மக்கள் கூடுகிற இடத்துக்கு மூன்று பேருமாகப் போவோம். திகதி முடிவானதும் சொல்லு, விமானச் சீட்டு விலை ஏறுவதற்கு முதல் எடுக்க வேண்டும்.

அன்புடன்,
அம்மா